இருபத்தெட்டு நாள்

அஸ்திவாரத்துக்குத் தோண்டிய செம்மண்ணிலேயே
சுவரும் எழும் என்று வரைபடத்தில் எழுதியிருந்தார்கள்.
எழுந்தது.
பெங்களூரு, ஹெண்ணூர் தாண்டி,
ஏரி இருந்ததைப் பெயர்ப்பலகை மட்டும் சொல்லும் இடத்தில்
ஒரு பள்ளிக்கூடம்.

நான் சைட் சூப்பர்வைசர்.
என் பாடு சல்லடை, ஈரப்பதம், கூலிச் சீட்டு.
நூற்றுக்கு ஏழு சிமெண்ட், மிச்சமெல்லாம் மண்.
நெம்புகோலில் இருவர் தொங்கினால் ஒரு கட்டி பிறக்கும்.
வெந்த இட்லியை எடுப்பதுபோல
விளிம்பு உடையாமல் ஏந்த வேண்டும்.
பிறகு நிழலில் அடுக்கி, கோணி போர்த்தி,
இருபத்தெட்டு நாள் தண்ணீர் தெளிக்க வேண்டும்.
அதற்குள் இடம் மாற்றினால்
உதிர்ந்துவிடும்.

தெளித்தவள் பூங்காவனம், செங்கம் பக்கம்.
எண்ணியவள் அவள் மகள் சிலம்பரசி, வயது ஒன்பது.
கொட்டகைத் தகரத்தில் சுண்ணாம்புத் துண்டால்
நான்கு கோடு, குறுக்கே ஒன்று.
நான்கு கோடு, குறுக்கே ஒன்று.
சனிக்கிழமை என் நோட்டும் அவள் தகரமும் மோதினால்
தகரம்தான் ஜெயிக்கும்.
மேஸ்திரி யெல்லப்பா இரண்டு முறை
வாயை மூடிக்கொண்டு காசைத் திருப்பித் தந்திருக்கிறார்.

பசுமைச் சான்றிதழுக்குப் புள்ளி போட
நிகாரிகா மேடம் வந்தார்.
மழைநீர்த் தொட்டிக்கு நான்கு.
வெட்டாமல் விட்ட புங்கனுக்கு இரண்டு.
சாய்தளத்துக்கு ஒன்று, சைக்கிள் நிறுத்தத்துக்கு ஒன்று.
மின்விசிறிகூட ஓடாத வகுப்பறையில்
கருவி இருபத்தாறு டிகிரி காட்டியபோது
எல்லோரும் கைதட்டினோம்.
‘எங்க கொட்டாயில வைங்கக்கா’ என்றாள் சிலம்பரசி.
மேடம் சிரித்தார்.
பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுப் போய் வைத்தார்.
நாற்பத்தொன்று.
அந்த எண்ணை எழுத
அவர் தாளில் கட்டம் இல்லை.

சேர்க்கைக்குக் கேட்டேன், கேட்காமல் இல்லை.
முதல்வர் நல்ல மனுஷி.
பணம் வேண்டாம் என்றார்.
டி.சி. இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றார்.
சர்ஜாபுரத்தில் பதினொரு நாள்,
கெங்கேரியில் மூன்று வாரம் கன்னடம்,
ஓசூரில் தமிழ், ஆயுதபூஜைக்கு லீவு விட்டதோடு சரி:
எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.
‘இங்கே எவ்வளவு நாள் இருப்பாள்?’
‘சுவர் முடியும்வரை.’
‘சுவர் முடிந்தால்தானே
பள்ளியே திறக்கும்?’

எனக்கு அப்போதுதான் உறைத்தது.
ஓரிடத்திலும் அந்தப் பிள்ளைக்கு
இருபத்தெட்டு நாள் நனைய வாய்க்கவில்லை.

ஜூன் முதல் வாரம் வாசலில் மாவிலை கட்டினார்கள்.
அதற்கு முந்தின நாளே லாரி தேவனஹள்ளிக்குக் கிளம்பியது:
கலவை மெஷின், குடங்கள், ஒரு சேவல்,
கோடுகள் அழியாமல் சுருட்டிய தகரம்.

அறுநூற்றுப் பன்னிரண்டு கட்டிகள் மிஞ்சின.
‘வீணானவை’ என்ற இடத்தில் பூஜ்யம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.
பொய்யை மெய்யாக்க இரண்டு இரவுகள் பிடித்தன,
என் மைத்துனனின் டெம்போவும்.

தேவனஹள்ளி சைட்டின் மூலையில்
யெல்லப்பா கூலி கேட்காமல் மூன்று சுவர் வைத்தார்.
சிலம்பரசியின் நெஞ்சு உயரம்.
அதற்கு மேல் கட்டி இல்லை.
கூரைக்குப் பேனர் துணி, யாரோ ஜெயித்த தேர்தலுடையது.
வியாழன் தோறும் ஒரு டீச்சரை அனுப்புவதாக
முதல்வர் சொன்னார், அனுப்பவும் செய்தார்.
இரண்டு வியாழன் வந்தார்கள்.
மூன்றாவது வியாழன் மழை.

நேற்றுப் போனேன்.
தகரத்தில் புதிதாக ஒரு வரிசை.
கட்டியா எண்ணுகிறாய் என்றேன்.
‘நாள்’ என்றாள், திரும்பாமல்.
மூன்று ஐந்து, தனியே நான்கு.

அடுத்த சைட் எப்போது என்று
யெல்லப்பாவிடம் நான் கேட்கவில்லை.
அவரும் சொல்ல வாயெடுத்து
பீடி பற்றவைத்துக்கொண்டார்.