நூற்று நாற்பது மில்லிமீட்டர்

என் ஒப்பந்தத்தில் பதவி என்ற இடத்தில்
ஸ்டோர்கீப்பர் கம் டிரைவர் கம் டைம்கீப்பர்
என்று அடித்திருக்கிறார்கள்.
மூன்று ஆள், ஒரு சம்பளம்.
அதனால் அல் குவைர் கடையில் ரோமெல்
"இது எல்லாத்துக்கும் ஆகும் சார்,
ஏறும், இறங்கும், ரோட்டிலும் ஓடும்" என்றபோது
கொஞ்சம் சந்தேகமாகவும்
கொஞ்சம் சொந்தமாகவும் அதைப் பார்த்தேன்.

சுவரோரம் மூன்று நின்றன.
முன்னால் மட்டும் ஷாக் வைத்த ஒன்று.
இலகு, மலிவு,
வாதி கபீர் மேட்டுக் கற்களோ
அதன் வழியே நேராக முதுகெலும்பை விசாரிக்கும்.
மற்றொன்று நூற்றெழுபது அமுங்கும்,
உச்சியிலிருந்து விழுவதற்கென்றே செய்தது.
விழுந்தால் படுக்க எனக்கு விடுப்பு பாக்கி இல்லை.
நடுவில் இது.
முன்னும் பின்னும் நூற்று நாற்பது.

விரித்த கையை ஷாக்கின் மேல் வைத்துப் பார்த்தேன்.
ஒரு சாண்கூட வரவில்லை.
எண்சாண் உடம்பை இதுவா தாங்கும்?
ஒரு சாண் வயிற்றுக்குக் கடல் தாண்டியவன்
கேட்கக்கூடிய கேள்விதான்.

பழைய வண்டி, நானூறு ரியால்.
இருநூற்று இருபதால் பெருக்காதே என்று
என்னையே அதட்டினேன். பெருக்கினேன்.
அறையில் இசக்கித்துரை கட்டிலிலிருந்தே சொன்னான்:
"அந்தக் காசுக்கு ஊர்ல
என்ஜினோடயே தருவானே."

பார்க்கிங்கில் ஓட்டினால்
எல்லா சைக்கிளும் நல்ல சைக்கிள்தான்.
பத்தாக்காவை ரோமெல் மேசையில் ஈடு வைத்து
கம்பெனி பிக்கப்பில் ஏற்றி வந்து
வெள்ளிக்கிழமை, பாங்கு முடிந்த இருட்டில்
அடையாளம் எதுவும் இல்லாத ஆளாக
மேட்டில் மிதிக்கத் தொடங்கினேன்.

பின்சக்கரத்தில் தோசைத்தட்டு அகலத்துக்கு ஒரு பல்சக்கரம்.
அதில் சங்கிலி ஏறிவிட்டால்
வேகம் ஆட்டின் நடைதான்,
ஆனால் நிற்காது.
ஆடு ஒன்று உண்மையிலேயே கூட வந்தது,
அட்டைப்பெட்டித் துண்டை மென்றுகொண்டே
என்னை முந்திப் போனது.
ஒவ்வொரு மிதிக்கும் பின்பக்கம் மெத்தைபோல் முனக,
அதை அடக்க ஒரு சின்ன நெம்புகோல் இருப்பது
முக்கால் ஏற்றத்தில்தான் நினைவுக்கு வந்தது.

மேலே, கீழே ரூவியின் விளக்குகள்
ஒவ்வொன்றாக அணைவதைப் பார்த்தேன்.
குளிர்ச்சி அரை மணி நேரம் இருக்கும்.
பொத்தானை அழுத்தி உட்கார்ந்தால்
இருக்கை தானே இறங்குகிறது,
பஸ்ஸில் இடம் விடும் ஆள் மாதிரி.
எழுந்து நின்று, முழங்கால் மடக்கி,
பிரேக்கில் ஒரே ஒரு விரல் வைத்து
இறங்கினேன்.
கற்கள் வந்தன. வந்தபடியே கீழே போயின.
அந்தச் சாண் குறைவான இடத்துக்குள்
என்னென்னவோ அடங்கியது.

கடைசி வளைவில் கறுத்த கல் ஒன்று
டயரைக் கீறியது.
இறங்கிப் பார்த்தேன்.
வெள்ளையாக, பால்போல, கசிந்து, நுரைத்து,
நான் திட்டி முடிப்பதற்குள்
தானே அடைத்துக்கொண்டது.
வாங்காத வண்டியில் என் காயம்.

கடையில் ரோமெல் குனிந்து பார்த்தான்.
கீறலில் கைவைத்து "இது ஒன்றுமில்லை" என்றான்.
பிறகு இருக்கைத் தண்டில் பார்வை நின்றது.
என் உயரம் தெரிய
ஸ்டோரிலிருந்து எடுத்த சிவப்பு இன்சுலேஷன் டேப்பை
ஒரு சுற்று ஒட்டியிருந்தேன்,
மேட்டுக்குப் போவதற்கு முந்தின இரவே.
அவன் ஒன்றும் கேட்கவில்லை.
பில் புத்தகத்தைத் தேடினான்.

எங்கள் கட்டிடத்தில் லிஃப்ட் ரம்ஜானிலிருந்து ஓடவில்லை.
பதினைந்து கிலோ, மூன்று மாடி,
கழுத்தில் பெடல் குத்த
இரண்டாம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்கி நின்றேன்.
எல்லாத்துக்கும் ஆகும் என்றவன்
படிக்கட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை.
மேலிருந்து இசக்கித்துரை எட்டிப் பார்த்தான்,
லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு
இறங்கி வந்தான்.
"முன்சக்கரத்த இங்கிட்டு விடும்."