பின்வேலிக் கொடி

மருந்து அடிக்காத இலை வேணும் என்றாள்.
நுஸ்ரா. வந்தாறுமூலைக் கெம்பஸ்,
மூன்றாம் வருசமோ நான்காம் வருசமோ.
கையில் ஐஸ் பெட்டி,
செருப்புக்குள் களுதாவளை மணல்.
"இருநூறு கிராம் போதும் அங்கிள்.
மருந்து பட்டிருந்தா என்ட கணக்குப் பிழைச்சிரும்."

முன்னால் நாலாயிரம் கொடி நிற்கிறது
கம்பேறிக் கழுத்தளவு பச்சையாய்.
போன வியாழன் அடித்த தூள்
நரம்போரம் வெள்ளையாய்க் காய்ந்திருக்கிறது.
மாரி பிறந்தால் புள்ளி வரும்.
மஞ்சள் வளையம், நடுவில் கறுப்பு.
விடிந்தால் பத்து இலை,
மறுகா ஒரு வரிசை.
அடிக்காமல் விட ஒண்ணாது.
கட்டுக்குக் காசு எண்ணுகிறவன்
விரித்துப் பார்ப்பது இலையைத்தான்,
அதைச் சப்பப் போகிற வாயை அல்ல.

கிணற்றைச் சுற்றி
அவளைப் பின்வேலிக்குக் கூட்டிப் போனேன்.
முள்முருங்கையில் ஏறிய ஆறே ஆறு கொடி.
சின்ன இலை, பூச்சி தின்ற இலை,
சந்தையில் யாரும் தொடாத இலை.

இது ஆருக்கு என்று அவள் கேட்கவில்லை.
பறித்தாள், நிறுத்தாள், பெட்டியை மூடினாள்.
போகும்போது முன்தோட்டத்தில்
புள்ளி விழுந்த நாலு இலையும் வாங்கிக்கொண்டாள்.
ஒன்பது வருசமாய் நானும் கோகிலமும்
முன்தோட்டத்து இலையைச் சப்பியதில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.
சொல்லியிருப்பேனோ தெரியாது.

இருபது நாள் கழித்து வட்ஸ்அப்பில் படம்.
ஐந்து கண்ணாடித் தட்டுகள்,
ஐந்திலும் என் தோட்டத்துப் பூஞ்சணம்.
ஒன்றும் ஊற்றாத தட்டில்
விளிம்பு மட்டும் பஞ்சாய்ப் பூத்திருந்தது.
நொச்சிச் சாற்றை அது கண்டுகொள்ளவே இல்லை.
வேப்பங்கொட்டையில் பாதி வழியில் களைத்துவிட்டது,
உள்ளியில் இன்னும் கொஞ்சம் முன்னமே.
கடைசித் தட்டில் ஒரு பொட்டு,
வைத்த இடத்திலேயே நின்றுபோன பொட்டு.
"இது உங்கட வெத்திலைதான் அங்கிள்."

போனைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன்.
கொடியில் நிற்கையில்
தன்னைக் காக்கத் தெரியாத இலை
இடிபட்டு, ஊறி, வடிபட்ட பிறகு
தன் எதிரியை நிறுத்துகிறது.
கோகிலத்திடம் காட்டினேன்.
"அப்ப இடிச்சுத்தான் பாருங்களன்" என்றாள்,
உலைக்கு அரிசி கழுவியபடி.

நுஸ்ராவிடம் கேட்டேன்.
கொஞ்ச நேரம் பேசவில்லை.
"தட்டில மழை பெய்யாது அங்கிள்.
தோட்டத்தில என்ன ஆகுமெண்டு
எனக்கும் தெரியாது."
தெரியாது என்று சொன்ன முதல் ஆள் அவள்.
மருந்துக் கடையில் எல்லாம் தெரிந்தவர்கள்.

இரண்டு வரிசைக்கு அடித்தேன்.
வேப்பங்கொட்டை, வெற்றிலை, ஒட்டுவதற்குச் சவர்க்காரத் துண்டு,
பழைய சீலையில் வடித்தது.
மூன்றாம் இரவே வாடைக்காற்றோடு மழை.
விடிய ஓடிப்போய் மறுபடி அடித்தேன்.
மறுபடி மழை.
மறுபடி.

மாதக் கடைசியில் கொப்பியில் இப்படி இருக்கிறது:
தூள் அடித்த வரிசை, கெட்ட இலை பதினேழு.
சாறு அடித்தவை, முப்பத்தொன்று, இருபத்தாறு.
சும்மா விட்டது, எண்ணவில்லை.
வெற்றியா தோல்வியா
கொப்பியில் அதற்குக் கட்டமில்லை.

அன்று சோறு தின்று முடித்துக்
கோகிலம் பாக்கு வெட்டிக்கொண்டிருந்தாள்.
இலைக்குப் பின்வேலிக்குப் போனேன்.
ஆறு கொடியிலும் காம்பு மட்டும்.
இடித்தே தீர்த்திருக்கிறேன்.

திரும்பி முன்தோட்டத்துக்கு நடந்து,
சாறு அடித்த வரிசையில்,
கட்டுக்கு வைத்திருந்த அகல இலை இரண்டு கிள்ளினேன்.
கழுவவில்லை.
அவள் இலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
சுண்ணாம்பைத் தடவினாள்.

கொஞ்சம் கைப்பு.
கொஞ்சம் சவர்க்காரம்.