ஆட்சேபணை உள்ளவர்கள்

தேவகோட்டை சப்-கலெக்டர் ஆபீஸில்
மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு நாற்காலி காலியாக இருந்தது.
உட்காரலாமா என்று கேட்க
எனக்குப் பத்து நிமிஷம் ஆனது.

பத்தரைக்கு வரச் சொன்னார்கள்.
ஒன்றே காலுக்குக் கூப்பிட்டார்கள்.
அதற்குள் மடியிலிருந்த ஃபைலை
நாலு முறை அடுக்கிப் பார்த்துவிட்டேன்:
கல்யாணப் பதிவு, பையனின் பிறப்புச் சான்று,
கோட்டையூர் ஏட்டு விசாரித்துப் போன தாள்.
அவர் வந்த அன்று காபிக்குச் சர்க்கரை போட மறந்திருந்தேன்.
அதையும் எழுதியிருப்பாரோ என்று
ஒரு வாரம் தூக்கமில்லை.

"தனமலர் ஏ/பி ராஜாங்கம்.
ஏ.பி.ன்னா ஆந்திராவா?"
மகள்னு அர்த்தம் சார். மலாய்ல.
"இனிஷியல் போட்டா முடிஞ்சுது.
நடுவுல எதுக்கு ஒரு கோடு?"
அப்பாவுக்கும் எனக்கும் இடையில்
சுவரில் சாத்திய சைக்கிள் மாதிரி
சாய்ந்து நிற்கும் அந்தக் கோட்டை
அன்றுதான் நானும் உற்றுப் பார்த்தேன்.

எத்தனை வருஷமா இங்க?
பதினொன்று.
இடையில எத்தனை நாள் வெளிநாடு?
நாற்பத்து மூன்று.
எதுக்கு?
பதினாறு நாள் அம்மா காரியத்துக்கு.
மீதி, அம்மா இல்லை என்று நம்புவதற்கு.
அவர் 'சொந்த அலுவல்' என்று எழுதினார்.

"தமிழ் வாசிப்பீங்கள்ல?"
ஃபைலில் ஒட்டியிருந்த பேப்பர் துண்டைத் திருப்பிக் காட்டினார்.
என் விளம்பரம்தான்.
'பள்ளத்தூரில் கிழக்குப் பார்த்த மனை'க்கும்
'அசல் பத்திரம் காணவில்லை'க்கும் நடுவே நான்.
ட்யூஷன் பிள்ளைகளுக்கு
டிக்டேஷன் போடும் குரலில் வாசித்தேன்:
இந்தியக் குடியுரிமை கோரி விண்ணப்பித்துள்ளேன்.
ஆட்சேபணை உள்ளவர்கள் முப்பது நாட்களுக்குள்…

"வந்துச்சா ஏதாவது ஆட்சேபணை?"
ஒருத்தர் போன் பண்ணினார் சார்.
சென்ட் என்ன விலைன்னு கேட்டார்.
மனைக்காரர் நம்பர் மேலே இருக்குன்னேன்.
சரி, அப்ப நீங்க எதை விக்கிறீங்கன்னார்.

சிரித்தார். நானும் சிரித்தேன்.
அவர் நிறுத்திய பிறகும்
எனக்குக் கொஞ்சம் மிச்சமிருந்தது.

"எதுக்காகக் குடியுரிமை கேக்குறீங்க?"
சேவுகன் மனப்பாடம் செய்ய வைத்த பதில்
தொண்டை வரை வந்து நின்றது.
அதற்கு முன்னால் நின்றது
திருச்சி ஏர்போர்ட்.
அவரும் பையனும் ஒரு வரிசை.
நாடா கட்டிய அந்தப் பக்கம் நான்.
போன தடவை பையன் சத்தமாகக் கேட்டான்:
"நீ என்னம்மா தப்பு பண்ணே?"
எதைச் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை.
ரொம்ப நேரம் பேசினேன் என்று தெரியும்.
அவர் ஒரு வரிதான் எழுதினார்.

சிவப்பு பாஸ்போர்ட்டை ஒப்படைச்சிரணும், தெரியும்ல?
தெரியும்.
அண்ணன் ஈப்போவிலிருந்து ஏற்கனவே சொல்லிவிட்டான்:
இனிமே அங்க இல்ல, இங்கதான் உனக்கு வேற வரிசை லா.

கையெழுத்துக்கு கிளார்க்கிடம் அனுப்பினார்கள்.
மேஜை மேல் மூடி திறக்காத டிபன் பாக்ஸ்.
மணி இரண்டாகப் போகிறது.
இன்னும் பசியாறலையா என்றேன், பழக்கத்தில்.
மனுஷர் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார்.
"இங்க பேசற பேச்சால்ல இருக்கு. எந்த ஊரு? கானாடுகாத்தான் பக்கமா?"
ஈப்போ என்றேன்.
எந்தப் பஸ்ஸில் போகணும் என்பது போல யோசித்தார்.

பேனாவை வாங்கி
இத்தனை வருஷத்தில் முதல் முறையாக
தமிழில் போடலாம் என்று தோன்றியது.
'த' முடித்து 'ன'வுக்குச் சுழிக்கும்போது
"அம்மா, அம்மா,
பாஸ்போர்ட்டுல இருக்கற மாதிரி போடுங்க.
இல்லாட்டி டெல்லியில திருப்பிருவான்."
குறுக்கே ஒரு கோடு கிழித்து
பக்கத்தில் பழைய கையெழுத்தைப் போட்டேன்.
அடித்த இடத்துக்கும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

காரைக்குடி பஸ்ஸில் டிரைவர் பக்கத்து இன்ஜின் சூடு.
சேவுகன் போன் அடித்தார்.
என்னாச்சு, முடிஞ்சுதா?

'த' வரைக்கும் ஆயிருக்கு என்றேன்.