ஐந்தாவது பெயர்

அட்டையின் உள்பக்கம் பள்ளிக்கூட முத்திரை.
பெயர், ஆண்டு, புத்தகத்தின் நிலை.
முதல் வரியில் யாரோ ஒரு பெக்கி: புதியது.
அப்புறம் இரண்டு பேர்: நல்லது, நல்லது.
நாலாவதாக நீ,
டெரிக் ஹாலோவே: சுமார்.
எழில்நங்கை என்று ஆங்கிலத்தில் எழுதப்
பதினோரு எழுத்து.
கடைசி எழுத்து கோட்டைத் தாண்டி
'நிலை'யில் போய் விழுந்தது.

டெரிக், உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும்.
பியோரியாவில் டிராக்டர் கம்பெனியோடு
அப்பாவின் ஒப்பந்தம் மே மாதம் முடிகிறது.
ஓசூருக்குத் திரும்புகிறோம்.
அங்கே பொறியியலுக்கு ஒரு நுழைவுத்தேர்வு,
கேள்விக்கு இரண்டரை நிமிடம்கூடக் கிடையாது,
தப்பாக எழுதினால் கையிலிருப்பதும் போகும்.

சிகாகோ மாமா
ஒரு பெட்டி நிறைய வழிகாட்டிகள் இறக்கிவிட்டுப் போனார்.
அட்டைக்கு அட்டை மின்னல், ராக்கெட், குறுக்குவழி.
செப்டம்பர் முழுக்க மேய்ந்தேன்.
சூத்திரம் எல்லாம் நுனிநாக்கில்.
உராய்வு எந்தப் பக்கம் இழுக்கும் என்று கேட்டால்
அதே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.
மாதிரித் தேர்வில் முந்நூறுக்கு நாற்பத்தொன்று.

அன்று ராத்திரி பெட்டியை கராஜில் வைத்துவிட்டு
நம் புத்தகத்தைப் பிரித்தேன்,
முதல் பக்கத்திலிருந்து,
படத்துக்கடியில் எறும்பாய் ஊரும் எழுத்தையும் விடாமல்.

தீர்த்துக் காட்டிய கணக்கை
பீட்சா கடைக் கூப்பனால் மூடிவைப்பேன்.
நான் ஒரு வரி எழுதிய பிறகே
கூப்பன் ஒரு வரி இறங்கும்.
பாதி நாள் என் வரி வேறு, அதன் வரி வேறு.
எந்த இடத்தில் பிரிந்தோம் என்று தேடித் திரும்பி நடப்பதற்குப்
பெயர்தான் படிப்பு என்று
நவம்பரில், முதல் பனி விழுந்த வாரத்தில் தெரிந்தது.

ஓசூரிலிருந்து சித்தி அனுப்பிய
பதினோராம் வகுப்புப் புத்தகம் ஒல்லி.
நம்முடையது ஸ்கேட்போர்டில் ஏறி நின்று விளக்கும்.
அதுவோ 'எனவே' என்ற ஒரே சொல்லால்
ஏழு வரியைத் தாண்டிவிடும்.
அந்த ஏழையும் நான் எழுதினேன், டெரிக்,
சில 'எனவே'க்கு இரண்டு நாள் ஆனது.

இருநூற்றுப் பதினாலாம் பக்கம்.
சாய்தளம், உருண்டு வரும் உருளை.
ஓரத்தில் உன் பென்சில்: 'யாருக்கு வேண்டும் இது?'
விளக்கருகே சாய்த்துப் பிடித்தேன்.
அழித்த தடம். ஒன்றல்ல, மூன்று.
மூன்றிலும் உருளை இறங்குகிறது,
சுற்றுகிறது என்பதை மட்டும் விட்டிருக்கிறாய்.
நானும் இரண்டு முறை விட்டேன்.
மூன்றாவது முயற்சிக்கு எனக்குத் துணை இருந்தது,
உனக்கு யார் இருந்தார்கள் என்று தெரியாது.

மார்ச்சில் அப்பாவின் காருக்கு டயர் மாற்றப் போனோம்.
சட்டைப் பையில் 'டெரிக்' என்று தைத்திருந்த ஒருவர்
பழைய டயரைச் சரிவில் உருட்டிவிட்டார்,
திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
அது தானாகப் போய்ச் சுவரோரம் சாய்ந்து நின்றது.
நான் எதுவும் கேட்கவில்லை.
இந்த ஊரில் எத்தனையோ டெரிக்.

போன வாரம் நூற்று அறுபத்தெட்டு வாங்கினேன்.
போதாது. இன்னும் எட்டு மாதம் இருக்கிறது.

இன்று புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.
உன் கேள்விக்குக் கீழே விடை எழுதவில்லை,
'சுற்றவும் செய்கிறது' என்று மட்டும்,
ஆங்கிலத்தில், மெல்லிய பென்சிலில்,
ஆறாவது ஆளுக்கு வேண்டாமென்றால் அழித்துக்கொள்ளட்டும்.

நூலக அம்மா பக்கங்களைப் புரட்டினார்.
எண்பத்தெட்டில் ரசம்,
பிய்ந்து வந்த முதுகில் செலோடேப்.
என் பெயரின் வால் நீண்டுகிடந்த கட்டத்தில்
'மோசம்' என்று எழுதினார்.
பன்னிரண்டு டாலர் அபராதம்.
அப்பா ஒன்றும் பேசாமல் கட்டினார்,
ரசீதை நாலாக மடித்து
பாஸ்போர்ட்டுக்குள் செருகிக்கொண்டார்.