விளிம்பில் ஒரு குருடன்

ஃபயூமில் நூறு வரிக்குத்தான் கூலி.
நேற்றிரவு கண் சொக்கி
ஒரு ‘வந்தார்’ முடிந்த இடத்திலிருந்து
அடுத்த ‘வந்தார்’ வரை தாவிவிட்டேன்.
நடுவே பார்வைக்குக் காத்திருந்த குருடன்
விடுபட்டுப் போனான்.
விடிந்ததும் அவனை ஓரத்தில்
பொடி எழுத்தில் உட்காரவைத்தேன்.

எண்ணெய் வணிகனின் விதவை ஹெரைஸ்
இரண்டு சுருளையும் விரித்துக் கேட்கிறாள்:
“இதில் குருடன் ஒருவன், அதில் இருவர்.
பொருத்தி எழுது. மேலே காசு தருகிறேன்.”

காசு வேண்டும். விளக்குக்கு எண்ணெய்கூட அவளிடம் கடன்.
ஆனால் அந்தச் சாலையோரம் நான் நின்றதில்லை;
நின்றவர்கள் ஆளுக்கொன்று
சொல்லிவிட்டுச் செத்துப்போனார்கள்.
யாரை மறுபடி இருட்டுக்கு அனுப்ப?

உள்ளபடியே எழுதினேன்.
எனக்குப் பின் படியெடுப்பவன்
ஓரத்தில் இருப்பவனை
மூன்றாவது ஆளாக
எண்ணாமல் இருந்தால் சரி.