எழுபத்தொன்று புள்ளி மூன்று

ஆத்தங்குடிக் கல் ஆடாத ஒரே இடம்
குளியலறை வாசல். எடைமெஷின் அங்கேதான்.
காலை நாலே முக்கால்: 71.3.

திருமயம் கோட்டை வரை மிதித்துத் திரும்பினால்
69.8.
ஒன்றரைக் கிலோ என்னை
எங்கே இறக்கி வைத்தேன்?
கானாடுகாத்தான் விலக்கில் முதுகு நனைந்தது,
கடியாபட்டி தாண்டி எதிர்காற்றில்
கண்ணுக்குள் உப்பு கரித்தது.

"அது நீ இல்லடி, தண்ணி"
என்கிறாள் கூட வந்த சிகப்பி,
சைக்கிளைச் சுவரில் சாய்த்தபடி.
இரண்டு சொம்பு குடித்தேன்.
தண்ணி திரும்பி வந்து நானானது.

சாயங்காலம் பள்ளத்தூரில் அறுபதாம் கல்யாணம்.
வெள்ளைப் பணியாரம், மண்டி,
கவுனி அரிசி இரண்டு தடவை.
இரவு 72.6. பட்டுப்புடவையை அவிழ்த்துவிட்டுத்தான்.

விடிந்தால் 72.0.
ஒரு மைல்கூட மிதிக்கவில்லை;
அறுநூறு கிராம்
தூக்கத்தில் மூச்சாய்ப் போயிருக்கிறது,
சன்னல் திறந்துதான் இருந்தது.

கல்லுக்கட்டிப் பக்கம் ரத்ததான முகாம்.
படிவத்தில் எடை கேட்டார்கள்.
எத்தனை மணிக்கு, என்றேன்.
பையன் நிமிராமல் எழுபது என்று எழுதி
முந்நூற்றைம்பது மில்லி எடுத்துக்கொண்டான்.

நோட்டில் அதை
எந்தப் பத்தியில் எழுதுவது?