நாலு பத்துச் சேவல்

அலாமுக்கு ஐந்து சத்தம் வைத்திருக்கு இந்தப் பெட்டி.
முதலாவது மணி. அடுத்தது வீணைபோல ஏதோ.
மூன்றாவது இழுக்கத் தொடங்கவே
பெருவிரல் தாண்டிவிட்டது.
விசுவமடுவில் அந்த ஊளை ஒருவருக்கும் வேண்டாம்.

நாலாவது, சேவல்.

"முற்பகல் நான்கு பத்து" என்று உறுதி சொன்னாள்
உள்ளே குடியிருக்கும் சென்னைக்காரி.
கிளிநொச்சி பஸ் ஐந்தரைக்கு.

படுத்தால்தானே.
துப்பறியும் கதை விடவில்லை.
கொலைகாரன் பெயரைச் சொல்ல வாயெடுத்தவளை
வெட்டிக்கொண்டு கூவிற்று பெட்டி.
தகர வேலிக்கு அப்பால்
மரியநாயகத்தாற்றை சேவல் பதில் கூவ,
இது கூவ, அது கூவ,
நிறுத்தும் பொத்தானில்
சிரிப்போடு வழுக்கியது விரல்.

"என்ரை சேவலுக்கு விசர், பிள்ளை,
நடு இருட்டிலை கூவுது"
என்றார், வாளியோடு வந்து.

"இருட்டோ?" என்றேன்.

மிச்சத்தை பஸ்சுக்குள் கேட்டேன்.
மருமகன்தான் கொன்றவன்.